யாரும் தொடாமலே பில் போடும் டச் மெஷின்: என்ன செய்வது?

நெய்மணம் (கடலூர்)

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் எங்கள் இனிப்பு, காரக் கடை. மாமனார் ஆரம்பித்தது. போன மாதம் வரை கார்பன் தாள் வைத்த பில் புத்தகமும் மரக் கல்லாப்பெட்டியும்தான். போன தீபாவளிக் கூட்டத்தில் பட்ட பாடு போதும் என்று இந்த வருஷம் டச் மெஷின் வாங்கிவிட்டோம். 15 அங்குலத் திரை, முதுகுப் பக்கம் வாடிக்கையாளர் பார்க்க ஒரு சின்னத் திரை, 3 அங்குல பில் பிரிண்டர், பணம் வைக்கும் டிராயர். தராசு பழையதுதான், பின்னால் கம்ப்யூட்டர் இணைப்பு உள்ளது.

பாண்டியில் முதலியார்பேட்டையில் என் கொழுந்தனாருக்கும் இதே வியாபாரம். எங்கள் மெஷினில் போட்டிருக்கும் இதே பில் மென்பொருள் அவர் கடையில் மூன்று வருஷமாக ஓடுகிறது. ஐட்டம் பெயர், விலை எல்லாம் மறுபடி அடிக்க வேண்டாமே என்று அவருடைய பேக்கப்பைப் பென் டிரைவில் வாங்கி வந்து ஏற்றினோம். கடைப் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் மூன்றையும் மாற்றினேன். அங்கே ஒழுங்காக ஓடுவது 22 கிலோமீட்டர் தெற்கே வந்ததும் பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது.

முதல் தொல்லை, யாரும் தொடாமலே திரை வேலை செய்கிறது. நேற்று சாயங்காலம் ஒருவர் கால் கிலோ மைசூர்பாகு கேட்டார். எடை போட்டுவிட்டுத் திரும்பினால் பில்லில் மைசூர்பாகு, அதற்குக் கீழே முறுக்கு 7, அதற்கும் கீழே அல்வா 3 கிலோ. வலது ஓரத்துக் கட்டங்கள் தாமாகவே மினுக்கி மினுக்கி அடங்குகின்றன. வந்தவர் சின்னத் திரையைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா அல்வா குடுக்கிறீங்க?" என்று கேட்டுச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது நாள் முழுக்க வருவதில்லை, சாயங்காலம்தான் அதிகம். ஐஸ்கிரீம் பெட்டி ஓடும்போது வருகிறது என்கிறான் பையன்.

இரண்டாவது, சில நேரம் இந்தத் திரையில் தொட்டால் முதுகுப் பக்கத் திரையில் அம்பு நகர்கிறது.

மூன்றாவது, பில்லில் தமிழ்ப் பெயர் வரவில்லை. சிலவற்றில் கேள்விக்குறி வரிசை, சிலவற்றில் ஆங்கில எழுத்துக் குப்பை.

நான்காவது, டிராயர் திறப்பதே இல்லை. சாவி போட்டுத்தான் திறக்கிறேன். அதற்கு மாமனாரின் கல்லாப்பெட்டியே தேவலாம், தூக்கினால் மூடி திறக்கும்.

இது போக, வரி வரிசையில் ஐஜிஎஸ்டி என்று வருகிறதாம். நேற்று ஒரு வாத்தியார் பில்லைப் படித்துவிட்டுச் சொன்னார். அதுவரை நான் மொத்தத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் விற்றவரைக் கூப்பிட்டால் மென்பொருள் கோளாறு என்கிறார். மென்பொருள்காரரைக் கூப்பிட்டால் மெஷின் கோளாறு என்கிறார். நடுவில் நான். யாராவது வழி சொல்லுங்கள்.

சிப்காட்_சிங்கம்

வைரஸ்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். சரியாகிவிடும்.

பாகூர்_சர்வீஸ்

அக்கா, அவசரப்பட்டு எதையும் அழிக்காதீர்கள். நான் பாகூர்க்காரன். அரியாங்குப்பத்திலிருந்து கடலூர் வரை பில்லிங் மெஷின் மாட்டுவதும் கழற்றுவதும்தான் 12 வருஷமாகப் பிழைப்பு. நீங்கள் எழுதியதைப் படித்ததுமே ஒன்று கேட்கத் தோன்றியது. மெஷினின் இரும்புக் காலையோ டிராயரின் தகட்டையோ புறங்கையால் லேசாகத் தடவினால் சுருக்கென்று எறும்பு கடித்த மாதிரி இருக்கிறதா? இருந்தால் உங்கள் பேய் மெஷினுக்குள் இல்லை, சுவருக்குள் இருக்கிறது. எர்த் இல்லை என்று அர்த்தம்.

காரணம் சொல்லிவிடுகிறேன். இப்போது வரும் திரைகள் பெரும்பாலும் அழுத்தத்தால் வேலை செய்பவை அல்ல. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பி வலை இருக்கும். விரல் பக்கத்தில் வந்ததும் அந்த வலையின் மின்தேக்கம் துளியூண்டு மாறும். அந்தத் துளியை அளந்துதான் இங்கே தொட்டார்கள் என்று மெஷின் முடிவு செய்கிறது. அடாப்டரிலிருந்து கசியும் இரைச்சல் எர்த் வழியாகப் பூமிக்குப் போக வேண்டும். போக வழி இல்லையென்றால் மெஷின் உடம்பிலேயே அது மிதக்கும், திரையும் அதை விரல் என்று நினைத்துக்கொள்ளும். ஐஸ்கிரீம் பெட்டியின் கம்ப்ரசர் ஓடினால் இரைச்சல் இன்னும் ஏறும். பையன் சரியாகத்தான் கவனித்திருக்கிறான்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. மவுஸ் ஒன்றைச் செருகிக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் 'ஹெச்ஐடி கம்ப்ளையன்ட் டச் ஸ்கிரீன்' என்பதை டிசேபிள் செய்யுங்கள். ஒரு சாயங்காலம் மவுஸிலேயே பில் போடுங்கள். தானாக எதுவும் ஏறவில்லை என்றால் மென்பொருள் நிரபராதி, வைரஸும் இல்லை. அடுத்து, மெஷினை மட்டும் தூக்கிப்போய் எர்த் நன்றாக இருக்கிற வேறு கட்டடத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அங்கே அமைதியாக இருந்தால் வழக்கு முடிந்தது.

பிறகு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெஷின் செருகியிருக்கும் அதே பிளக்கில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம், பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 50, 60 என்று ஆடினால் எர்த் கம்பி அந்தரத்தில் தொங்குகிறது. நம் பக்கம் இது சாதாரணம். குழியில் உப்பும் கரியும் போட்டுத்தான் எர்த் அடிக்கிறோம், கடல் காற்றிலும் உப்பு, கடைசியில் எர்த் கம்பியைக் குழாயோடு பிடித்திருக்கும் கிளாம்ப்பை அந்த உப்பே தின்றுவிடுகிறது. தேவனாம்பட்டினத்தில் ஒரு கடையில் கிளாம்ப்பைத் தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது.

இதில் ஒன்றை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில பேர் சோம்பேறித்தனமாகப் பிளக்குக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். திரை அடங்கிவிடும், ஆனால் என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் மெஷின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். அப்படிச் செய்ய வருபவரைக் கடைக்குள் விடாதீர்கள். மூன்றாவது பின்னை ஒடித்து இரண்டு பின்னாக்குவதும் அதே ரகம். மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் இந்தச் சாக்கில் போட்டுவிடுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். முதுகுத் திரையில் அம்பு நகர்வதற்கு, கண்ட்ரோல் பேனலில் 'டேப்லெட் பிசி செட்டிங்ஸ்' திறந்து 'செட்டப்' அழுத்துங்கள். ஒரு திரை வெள்ளையாகி, தொடச் சொல்லும். எழுத்து உங்கள் பக்கத் திரையில் வந்தால் தொடுங்கள். முதுகுப் பக்கத்தில் வந்தால் தொடாமல் கீபோர்டில் என்டர் தட்டுங்கள், அடுத்த திரைக்குப் போகும். கீபோர்டு ஒன்றைச் செருகிவிட்டு ஆரம்பியுங்கள், அது இல்லாமல் பாதியில் மாட்டிக்கொண்டு எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு.

டிராயர் ஒயரை எங்கே செருகியிருக்கிறீர்கள்? மெஷின் அடியில் டெலிபோன் ஓட்டை மாதிரி இருப்பதிலா? அதை உருவி பில் பிரிண்டரின் முதுகில் டிகே என்று போட்டிருக்கும் ஓட்டையில் செருகுங்கள். டிராயருக்கென்று தனியாக மூளை கிடையாது, பிரிண்டர் ஒரு தட்டு தட்டினால் திறக்கும். பிரிண்டர் டிரைவரில் அச்சடிக்கும் முன் டிராயரைத் திற என்று ஒரு தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள். மென்பொருள் எண் கேட்டால் 27, 112, 0, 25, 250. கடைசி இரண்டும் அந்தத் தட்டு எவ்வளவு நேரம் என்பது. டெலிபோன் ஒயரையோ இன்டர்நெட் ஒயரையோ மறந்தும் டிகே ஓட்டையில் செருகாதீர்கள், அதில் 24 வோல்ட் வரும்.

தமிழ் பற்றிப் பெரிய மார்க்கெட் அண்ணன் எழுதுவார், அவர் அதில் கரை கண்டவர்.

பேரேடு

நெய்மணம் அம்மா, பாண்டியிலும் கடலூரிலும் கணக்கு எழுதிக்கொடுப்பவன் நான். மற்றவர்களுக்கு அந்தத் திரை பெரிதாகத் தெரிகிறது. எனக்கு உங்கள் கடைசிப் பத்திதான் வயிற்றைக் கலக்குகிறது.

உங்கள் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், தமிழ்நாடு. கொழுந்தனாருடையது 34, புதுச்சேரி. கன்னியகோயிலைத் தாண்டினால் வேறு மாநிலம்தான், ஜிஎஸ்டி கணக்கில் அதில் சலுகை கிடையாது. கடையின் எண்ணை மாற்றிவிட்டீர்கள், சரி. ஆனால் பேக்கப்போடு 'ரொக்க வாடிக்கையாளர்' என்று ஒரு கணக்கும் வந்திருக்குமே? பெயர் கேட்காமல் போடும் எல்லா பில்லும் அதில்தான் விழும். அதன் மாநிலம் இன்னும் 34 ஆகவே இருக்கும். மென்பொருள் என்ன பார்க்கிறது? விற்பவர் 33, வாங்குபவர் 34, வெளிமாநில விற்பனை, போடு ஐஜிஎஸ்டி. அதன் மேல் தப்பில்லை. அந்தக் கணக்கைத் திறந்து மாநிலத்தைத் தமிழ்நாடு ஆக்குங்கள், 5 சதவீதம் மத்திய வரி (சிஜிஎஸ்டி) 2.5 ஆகவும் மாநில வரி (எஸ்ஜிஎஸ்டி) 2.5 ஆகவும் பிரிந்துவிடும். மொத்தம் மாறாது என்பதால்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.

பாண்டிக்காரர் ஒருவர் உங்கள் கவுண்டரில் பெயர், முகவரி எதுவும் எழுதாமல் வாங்கிப்போனால் அதுவும் கடலூர் விற்பனைதான். ஜிஎஸ்டி எண் உள்ள பாண்டி ஓட்டலுக்கு நீங்கள் சரக்கு அனுப்பினால் அதற்கு ஐஜிஎஸ்டி சரி. இதே மாதிரி, பாண்டி யூனியன் பிரதேசமாயிற்றே என்று அங்கே எஸ்ஜிஎஸ்டிக்குப் பதில் யூனியன் பிரதேச வரியான யூடிஜிஎஸ்டி போட்டு வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். புதுச்சேரிக்குச் சட்டமன்றம் இருக்கிறது, அங்கே எஸ்ஜிஎஸ்டிதான். கொழுந்தனார் பில்லையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அந்தப் பேக்கப் எப்போது எடுத்தது? 2025 செப்டம்பர் 22-க்கு முந்தையது என்றால் வரி விகிதமும் பழசு. பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய மிக்சர் 12-லிருந்து 5-க்கு வந்தது. கேக், பிஸ்கட் 18-லிருந்து 5-க்கு வந்தது. ஐட்டம் பட்டியலை வரி வாரியாக அடுக்கிப் பாருங்கள், 12-ம் 18-ம் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று உடனே தெரியும்.

பில் எண் பாண்டிக் கடையின் எண்ணைத் தொடர்ந்து ஓடுகிறதா என்றும் பாருங்கள். உங்கள் பதிவுக்கு உங்கள் வரிசை. முன்னால் கடை எழுத்து ஒன்று போட்டு 1-லிருந்து தொடங்கலாம். கோடு, சாய்கோடு எல்லாம் சேர்த்து 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். தீபாவளிக்கு இரண்டாவது கவுண்டர் போட்டால் அதற்கு வேறு எழுத்து. இதுவரை ஐஜிஎஸ்டி போட்ட பில்களை அழித்துவிடாதீர்கள். எண்களைக் குறித்து, இந்த மாத ரிட்டர்ன் போடும் முன்பே உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள். ரிட்டர்ன் போன பிறகு என்றால் வேலை இரட்டிப்பு.

பெரிய_மார்க்கெட்

பாகூர் தம்பி என்னை இழுத்துவிட்டான். பாண்டி பெரிய மார்க்கெட் பக்கம் மளிகை வைத்திருக்கிறேன். தமிழில்தான் பில் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ஆறு மாதம் அல்லாடியவன்.

பில் பிரிண்டரின் நினைவில் ஆங்கில எழுத்து உண்டு, இன்னும் சில வெளிநாட்டு எழுத்துகள் உண்டு, தமிழ் பெரும்பாலும் இருக்காது. மென்பொருள் எழுத்தாக அனுப்பினால் அது விழித்துக்கொண்டு கேள்விக்குறி அடிக்கும். படமாக அனுப்ப வேண்டும். அதாவது 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவரை எடுத்துவிட்டு, பிரிண்டரோடு வந்த விண்டோஸ் டிரைவரைப் போட்டு, மென்பொருளில் கிராஃபிக் முறையைத் தேர்ந்தெடுங்கள். தாள் 80 மில்லிமீட்டர், அச்சு விழும் அகலம் 72. அதை மாற்றி வைத்தால் விலையின் கடைசி இலக்கம் ஓரத்தில் வெட்டுப்படும். 1,240 ரூபாய் 124 ஆகத் தெரிந்து ஒருவர் 124 மட்டும் நீட்டினார்.

ஆங்கிலக் குப்பை வேறு கதை. உங்கள் கொழுந்தனார் சில பெயர்களைப் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். அது ஆங்கில எழுத்துக்கே தமிழ் வேஷம் போட்டுக் காட்டும் பழைய எழுத்துரு. அவர் மெஷினில் பாமினி இருக்கிறது, தமிழாகத் தெரியும். உங்கள் மெஷினில் இல்லை. பாமினியைக் கொண்டுபோய் நிறுவலாம், ஆனால் அந்த வழியில் போகாதீர்கள். ஐட்டம் பட்டியலை எக்செல்லுக்கு எடுத்து, யூனிகோடுக்கு மாற்றி, திரும்ப ஏற்றுங்கள். ஒரு ராத்திரி வேலை. இல்லையென்றால் தேடும் கட்டத்தில் 'அதி' என்று அடித்தால் அதிரசம் வரவே வராது.

எழுத்தின் அளவைக் குறைத்துத் தாளை மிச்சம் பிடிக்க ஆசை வரும். வேண்டாம். இந்த பிரிண்டர்கள் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிதான் போடும். எழுத்து சின்னதானால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. என் பில்லில் 'ஸ்பெஷல் மிக்சர்' ரொம்ப நாள் 'ஸபெஷல மிகசர' என்று வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடை வாசலில் நின்று ராகம் போட்டுப் படிப்பார்கள். நிர்மலா எழுத்துருவை 10-ல், தடிமனாக வைத்தேன், சரியாகிவிட்டது.

கேட்காமலே இன்னொன்று. 'ரத்து' பொத்தான் 'ரொக்கம்' பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தால் இன்றைக்கே தள்ளி வையுங்கள். நெய்க் கைக்கு அந்த இடைவெளி போதாது.

நெய்மணம் (கடலூர்)

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் ஆயிற்று, நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பாகூர் தம்பி சொன்னபடி முதலில் டிராயரின் தகட்டைப் புறங்கையால் தடவினேன். சுருக்கென்றது. எங்கள் வேலைக்காரப் பெண், "அது முதல் நாளிலேர்ந்து அப்படித்தானேக்கா" என்கிறாள். எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் என் ரப்பர் செருப்பு என்று நினைக்கிறேன். அவள் கடைக்குள் வெறுங்கால்.

டச்சை நிறுத்திவிட்டு மவுஸில் ஒரு சாயங்காலம் ஓட்டினோம். ஒரு முறுக்குகூடத் தானாக ஏறவில்லை. மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து மீட்டர் வைத்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 70, 85, மறுபடி 70 என்று ஆடியது. குழி எங்கே என்று கேட்டார். எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மாமனாரைத்தான் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்டோம். 2024-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பின்கட்டில் முழங்கால் தண்ணீர் நின்றது, அதற்குப் பிறகு தரையைச் சிமெண்ட் போட்டு உயர்த்தினோம். குழி அந்தச் சிமெண்டுக்கு அடியில்! அவர் கைத்தடியால் ஓர் இடத்தைத் தட்டி, "துளசி மாடத்துலேர்ந்து நாலடி" என்றார். உடைத்தால் அங்கேதான் இருந்தது. கிளாம்ப் என்று ஒன்று இருந்த அடையாளமாகப் பச்சையும் சிவப்புமாகத் துரு. அதோடு, மெஷினைச் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திறந்தால் எர்த் ஓட்டை வெறும் ஓட்டை, உள்ளே ஒயரே கிடையாது.

புதுக் குழாய், செம்புக் கம்பி, மேலே திறந்து பார்க்க ஒரு மூடி. இப்போது மீட்டரில் ஒன்றரை வோல்ட். இரண்டு நாளாகத் திரை, சொன்னதை மட்டும் செய்கிறது. ஐஸ்கிரீம் பெட்டியைப் போட்டும் அணைத்தும் பார்த்தாயிற்று.

பேரேடு ஐயா, ரொக்க வாடிக்கையாளர் 34-லேயேதான் உட்கார்ந்திருந்தார். மாற்றிவிட்டேன். பேக்கப் போன வருஷம் ஆகஸ்டில் எடுத்ததாம், அதனால் பாக்கெட் மிக்சருக்கு 12, பிளம் கேக்குக்கு 18. அவற்றையும் திருத்தினேன். பில் எண் பாண்டியின் 41 ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து தொடர்ந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துவிட்டு ஆடிட்டர் தலையில் கை வைத்தார். 11 நாள் பில்களையும் வாங்கிக்கொண்டார்.

தமிழ் வந்துவிட்டது அண்ணா. பாமினிப் பெயர்கள் 63 இருந்தன, ராத்திரி ஒன்றரை மணி ஆயிற்று. டிராயர் முதல் பில்லுக்குத் திறந்தபோது நேராக என் வயிற்றில் இடித்தது. ஸ்டூலைப் பின்னால் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

ஒன்று பாக்கி. தராசு காலையில் எடை காட்டுகிறது, கூட்டிப் பெருக்க மெஷினை நகர்த்தி வைத்தால் அப்புறம் பூஜ்யம்தான். விற்றவர் தராசைத் திறந்து பார்க்க வேண்டும் என்கிறார்.

பாகூர்_சர்வீஸ்

திறக்க விடாதீர்கள் அக்கா! தராசில் இருக்கும் அரசு முத்திரை உடைந்தால் மறுபடி முத்திரை வைக்க அலைய வேண்டும். நகர்த்தும்போது தராசின் யூஎஸ்பி ஒயர் கழன்று, திரும்பச் செருகுகிறவர் வேறு ஓட்டையில் செருகுகிறார். அவ்வளவுதான். ஓட்டை மாறினால் காம் எண், அதாவது தராசு இருக்கும் இணைப்புக்குக் கம்ப்யூட்டர் தரும் எண், மாறும். மென்பொருள் காம் 3-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும், தராசு காம் 5-ல் கத்திக்கொண்டிருக்கும். டிவைஸ் மேனேஜரில் 'போர்ட்ஸ்' என்பதைத் திறந்து இப்போது எந்த எண் என்று பார்த்து அதை மென்பொருளில் போடுங்கள். வேகம் 9600 தான் பெரும்பாலும், காலையில் எடை வருகிறது என்பதால் அதைத் தொட வேண்டாம். ஓட்டைக்கும் ஒயருக்கும் ஒரே நிறத்தில் நெயில் பாலிஷ் பொட்டு வையுங்கள்.

நெய்மணம் (கடலூர்)

வைத்தாயிற்று, சிவப்பு. பெருக்குகிற பெண்ணே வைத்தாள், அவள் பாலிஷ்தான். எடை வருகிறது.

மைசூர்பாகுக்காரர் இன்றைக்கும் வந்தார். சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கால் கிலோ, ஒரே வரி. "அல்வா எங்கம்மா?" என்றார். கால் கிலோ அல்வாவும் கட்டிக் கொடுத்தேன், பில்லோடு.